ரத்து ஆணை சேரிக்கு என்ன தந்தது?

அண்மையில் ஒரு மாணவர் வாசிப்பு வட்டத்தில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். நிலக்கரி, கடலோரம், காலநிலை என்று பேச்சு போய்க்கொண்டிருந்தது. ஆந்திராவில் மக்கள் போராடி ஓர் அனல்மின் நிலையத்தையே ரத்து செய்ய வைத்த கதையைச் சொன்னேன். கைதட்டினார்கள். கடைசி வரிசையில் இருந்த ஒரு தம்பி மட்டும் கைதட்டவில்லை. எழுந்து கேட்டான்:

"அண்ணே, ரத்தாச்சு, ஜெயிச்சோம், சரி. அந்த ஊர் காலனிக்கு அதனால என்ன கிடைச்சுது? பிளான்ட் வந்திருந்தா ஒரு செக்யூரிட்டி வேலையாவது கிடைச்சிருக்கும்ல?"

சிலர் சிரித்தார்கள். ஒரு தோழர், "இதுதான் கார்ப்பரேட் மூளைச்சலவை" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் தம்பி கேட்டது நம் இயக்கங்கள் வருடக்கணக்கில் பதில் சொல்லாமல் தள்ளிவைத்திருக்கும் கேள்வி. இந்தக் கட்டுரை அவனுக்கான பதில். பாதி பதில் அவனுக்கு, மீதி சிரித்தவர்களுக்கு.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நான் அனல்மின் நிலையம் வேண்டும் என்று எழுத வரவில்லை. சாம்பல் குட்டையின் ஓரத்தில் யார் வீடு இருக்கும் என்று நமக்குத் தெரியும். எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றில் சாம்பல் கலந்தபோது யார் பிழைப்பு போனது என்றும் தெரியும். என் கேள்வி வேறு. திட்டம் ரத்தான மறுநாள் காலையில் அந்த நிலம் யாருடையது?

சோம்பேட்டாவில் நடந்தது

ஆந்திராவின் வடகோடி, சிரீகாகுளம் மாவட்டம். அங்கே சோம்பேட்டா பக்கத்தில் கடலோரமாக ஒரு பெரிய சதுப்பு நிலம். உள்ளூரில் 'பீலா' என்பார்கள். மழைத் தண்ணீர் தேங்கி நிற்கும். அதிலிருந்து நீர் இறைத்துச் சுற்று வயல்கள் விளையும். மீன் கிடைக்கும். மாடு மேயும். மீனவர்கள், சிறு விவசாயிகள், கூலிகள் என்று பல கிராமங்களின் பிழைப்பு அதைச் சுற்றித்தான்.

2008இல் ஆந்திர அரசு அந்த இடத்தில் சுமார் 970 ஏக்கரை நாகார்ஜுனா கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனிக்கு ஒதுக்கியது. 2640 மெகாவாட் அனல்மின் நிலையம் கட்டுவதற்காக. 2009 டிசம்பரில் மத்திய அரசின் சுற்றுச்சூழல் அனுமதியும் வந்துவிட்டது. மாடும் மீனும் நெல்லும் இருந்த இடம் காகிதத்தில் 'தரிசு' ஆனது.

மக்கள் விடவில்லை. 2010 ஜூலை 14 அன்று கம்பெனி ஆட்கள் போலீஸ் காவலோடு வேலை தொடங்க வந்தார்கள். மக்கள் மறித்தார்கள். போலீஸ் சுட்டது. இரண்டு பேர் செத்தார்கள். அதே நாளில் தேசிய சுற்றுச்சூழல் மேல்முறையீட்டு ஆணையம் அந்தத் திட்டத்தின் அனுமதியை ரத்து செய்தது. துப்பாக்கிச் சூடும் ரத்து ஆணையும் ஒரே தேதியில்!

அதோடும் முடியவில்லை. அனுமதி போனாலும் நிலம் கம்பெனி பெயரில்தான் ஒதுக்கப்பட்டிருந்தது. அந்த ஒதுக்கீட்டை ரத்து செய்ய வைக்க 2015 வரை போராட வேண்டியிருந்தது. இதைக் கவனியுங்கள் தோழர்களே. அனுமதி ரத்து வேறு, நில ஒதுக்கீடு ரத்து வேறு. முதலாவது கிடைத்ததும் தில்லியில் பத்திரிகைச் செய்தி வந்துவிடும். இரண்டாவதுக்காக ஐந்து வருடம் பந்தலில் உட்கார்ந்தவர்கள் உள்ளூர்க்காரர்கள்தான்.

இந்த இரண்டுக்கும் பிறகு மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒதுக்கீடு ரத்தான நிலம் எங்கே திரும்பிப் போகிறது? அரசுக்கு. அதாவது 'ஊருக்கு'. ஊர் என்றால் யார்?

பொது என்ற பொய்

சுற்றுச்சூழல் நண்பர்கள் 'பொது நிலம்', 'கிராம சமூகத்தின் வளம்' என்று எழுதும்போது எனக்கு ஒரு சந்தேகம் வருகிறது. இவர்கள் ஒரு கிராமத்திலாவது சேரிப் பக்கமிருந்து நுழைந்திருப்பார்களா?

நம் ஊர்களில் ஏரி பொது. ஆனால் மீன்பாசி ஏலத்தில் யார் கேட்கலாம், யார் கேட்கக் கூடாது என்று ஏலத்துக்கு முந்தின நாளே முடிவாகிவிடும். புளியமரம் பொது. அதன் ஏலமும் அப்படித்தான். மந்தைவெளி பொது. ஆனால் நம் ஆள் அதில் நாலு குச்சி நட்டுக் கொட்டகை போட்டால் மறுநாளே தாசில்தாருக்கு மனு போகும், பி மெமோ வரும். அதே மந்தைவெளியில் ஊர்க்காரர் பத்து ஏக்கரை வளைத்துக் கரும்பு போட்டால் அவருக்கும் பி மெமோ வரும், அபராதம் கட்டுவார், கட்டிய ரசீதையே அனுபவத்துக்கு ஆதாரமாக வைத்துக்கொள்வார். சுடுகாட்டுப் பாதை பொது. அந்தப் பாதையில் நம் பிணம் போக இன்றும் கலெக்டர் வர வேண்டியிருக்கிறது.

அனல்மின் நிலையம் வந்தால் நமக்கு அந்த மேய்ச்சல் நிலம் போகும். வராவிட்டால் அந்த மேய்ச்சல் நிலம் ஆதிக்கச் சாதியின் கையில் இருக்கும், நாம் கெஞ்சி நுழைவோம். தம்பி செக்யூரிட்டி வேலையைப் பற்றிக் கேட்டது இதனால்தான். கெஞ்சி மாடு மேய்ப்பதற்கு, சீருடை போட்டுக் கேட்டில் நிற்பது மேல் என்று அவனுக்குத் தோன்றியிருக்கிறது. அதில் என்ன தப்பு?

தரிசு யாருடையது: செங்கல்பட்டு சொன்ன பாடம்

இது ஆந்திராவின் கதை மட்டும் இல்லை. நம் வீட்டுக் கதை. செங்கல்பட்டு மாவட்டத்தின் கடலோரம் செய்யூர். தனித் தொகுதி. அங்கே 4000 மெகாவாட் அளவில் ஒரு மாபெரும் அனல்மின் திட்டம் வருவதாக இருந்தது. நிலக்கரி இறக்கப் பனையூரில் தனியாக ஒரு துறைமுகம். 2013இல் சுற்றுச்சூழல் அனுமதி கொடுத்தார்கள். உள்ளூர் மக்களும் சூழலியல் இயக்கங்களும் எதிர்த்தார்கள். அதற்கிடையில் தனியார் கம்பெனிகள் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுப் போட்டியிலிருந்து விலகின. 2015 ஜனவரியில் மத்திய அரசு ஏலத்தையே ரத்து செய்தது. அங்கே இன்றுவரை புகைபோக்கி எழவில்லை.

நல்லது. ஆனால் அந்த மண்ணின் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிறது.

1891இல் இதே செங்கல்பட்டு மாவட்டத்தில் கலெக்டராக இருந்த டிரெமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமை குறித்து அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலம் இல்லாததுதான் அவர்களுடைய அடிமைத்தனத்தின் வேர் என்று அதில் காட்டினார். அப்போதும் தரிசு ஏராளமாகக் கிடந்தது. நம் முன்னோர் அதைக் கேட்டுத் தர்காஸ்து போட்டார்கள். என்ன நடந்தது? மிராசுதார் எழுந்து, 'தரிசிலும் எனக்கே முதல் உரிமை' என்றார். அரசும் மிராசுதாருக்கே முன்னுரிமை கொடுத்துவந்தது. உழாமல் கிடக்கும் நிலத்தைக்கூட உழுகிறவனுக்குத் தரக் கூடாது. தந்தால் நாளைக்கு அவன் தன் வயலுக்குக் கூலியாக வரமாட்டான். இதுதான் அவர்கள் கணக்கு.

அந்த அறிக்கையைத் தொடர்ந்துதான் 1892இல் பஞ்சமி நில ஆணை வந்தது. மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்று சொல்லப்படுகிறது. மற்றவர்களுக்கு விற்கக் கூடாது என்ற நிபந்தனையோடு கொடுத்தார்கள். அதில் எவ்வளவு இன்று நம் கையில் இருக்கிறது என்று உங்கள் ஊரில் போய்க் கேளுங்கள். 1994 அக்டோபரில் காரணைப் பஞ்சமி நிலத்தை மீட்கப் போராடியபோது ஜான் தாமஸையும் ஏழுமலையையும் போலீஸ் சுட்டுக் கொன்றது. அதுவும் இதே செங்கல்பட்டில்தான்.

சோம்பேட்டாவில் இரண்டு பேர், காரணைக்காக இரண்டு பேர். நிலக்கரிக்கு எதிராகச் செத்தவர்களைச் சூழலியல் தியாகிகள் என்கிறோம். பஞ்சமிக்காகச் செத்தவர்களைச் சாதிப் பிரச்சினை என்று ஒதுக்குகிறார்கள். இரண்டும் ஒரே கேள்விக்காகத்தான்: 'தரிசு' என்று அரசு எழுதிவைத்த நிலத்தில் யார் வாழலாம்?

சென்ற நூற்றாண்டில் தரிசு மிராசுதாருக்கு. இந்த நூற்றாண்டில் தரிசு கம்பெனிக்கு. கம்பெனி விலகினால் மறுபடியும் மிராசுதாரின் பேரனுக்கு. நடுவில் நாம் எங்கே?

அம்பேத்கரைத் தூக்கிக்கொண்டு வருபவர்களுக்கு

இங்கே இன்னொரு கூட்டம் வரும். "பாபாசாகேப் தொழில்மயத்தை ஆதரித்தவர். கிராமத்தை வெறுத்தவர். மின் நிலையத்தை எதிர்ப்பது அம்பேத்கரியமா?" என்று கேட்பார்கள். நல்ல கேள்விதான். பதிலைப் படித்துவிட்டுப் பேசுவோம்.

1942 முதல் 1946 வரை அம்பேத்கர் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறை உறுப்பினர். மின்சாரத் திட்டமிடலும் அவர் பொறுப்பில்தான் இருந்தது. தாமோதர் பள்ளத்தாக்குத் திட்டத்தின் தொடக்க வேலைகளில் அவர் பங்கு பெரியது. மின்சாரம் மலிவாகவும் தாராளமாகவும் கிடைக்க வேண்டும், அது இல்லாமல் தொழில் வளராது, தொழில் வளராமல் இந்த மக்களுக்கு விடுதலை இல்லை என்பது அவர் நிலைப்பாடு. இதை நாம் மறைக்க வேண்டியதில்லை. சேரிக்குக் கடைசியாகத்தான் கரண்ட் கம்பம் வந்தது என்பதை அனுபவித்தவர்கள் நாம். மின்சாரத்தை எதிர்க்க நமக்கு எந்தக் காரணமும் கிடையாது.

ஆனால் அதே அம்பேத்கர் 1947இல் 'அரசுகளும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் என்ன கேட்டார்? அடிப்படைத் தொழில்கள் அரசிடம் இருக்க வேண்டும் என்றார். விவசாய நிலத்தை அரசு எடுத்து, சாதி மத வேறுபாடு பார்க்காமல் கூட்டுப் பண்ணைகளாகக் குடியானவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். பட்டியல் சாதியினருக்குத் தனிக் குடியிருப்புகள் வேண்டும், அதற்காகச் சாகுபடி இல்லாமல் கிடக்கும் அரசு நிலங்களை ஒரு குடியேற்ற ஆணையத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்றார்.

சாகுபடி இல்லாமல் கிடக்கும் அரசு நிலம்! இன்று கம்பெனிக்குத் தூக்கிக் கொடுக்கும் அதே நிலம். அதை அவர் நமக்குக் கேட்டார். அம்பேத்கரின் மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் கேட்ட நிலத்தை விட்டுவிடுகிறவர்கள் யாருக்காகப் பேசுகிறார்கள் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

வேலைக் கணக்கும் பார்ப்போம், தம்பி. கட்டுமானம் நடக்கும் சில வருடங்கள் கூலி வேலை இருக்கும். அதற்கும் வெளி மாநிலத் தொழிலாளர்களைக் காண்ட்ராக்டர் கூட்டிவருவார், நம்மைவிடக் குறைந்த கூலிக்கு. பிளான்ட் ஓடத் தொடங்கியதும் நிரந்தர வேலை படித்த இன்ஜினியருக்கு. நமக்குக் கிடைப்பது சாம்பல் அள்ளுவது, பாய்லர் சுத்தம் செய்வது, கேட்டில் நிற்பது. எல்லாம் ஒப்பந்த வேலை. தனியார் கம்பெனியில் இடஒதுக்கீடு கிடையாது. அதைக் கேட்க யாரும் தயாரில்லை. தலைமுறைக்கு ஒருமுறை அழுக்கின் பெயர் மாறுகிறது, அள்ளுகிறவன் மாறவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொள். பட்டா நிலத்தை எடுத்தால் 2013 சட்டப்படி இழப்பீடு உண்டு. அந்த நிலத்தை நம்பிக் கூலி வேலை செய்தவருக்கும் மறுவாழ்வு கேட்க அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. புறம்போக்கு என்றால்? அரசு தன் நிலத்தைத் தானே மாற்றிக்கொள்கிறது, அவ்வளவுதான். கையகப்படுத்தல் என்ற பேச்சே எழுவதில்லை. கழிமுகத்தில் இறால் தடவிப் பிடிக்கும் இருளர் குடும்பத்துக்கு எந்தக் கணக்கிலும் நஷ்டம் இல்லை. ஏனென்றால் அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

அப்படியானால் என்ன கேட்பது?

பஞ்சாபைப் பாருங்கள். அங்கே 1961இன் கிராமப் பொது நிலச் சட்டத்தின் கீழ் ஒரு விதி இருக்கிறது. பஞ்சாயத்து குத்தகைக்கு விடும் சாகுபடி நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு பட்டியல் சாதியினருக்கு. பல வருடங்கள் அது காகிதத்தில் கிடந்தது. ஜாட் நிலக்கிழார்கள் தங்களிடம் வேலை செய்யும் தலித் ஒருவரைப் பினாமியாக ஏலம் கேட்க வைத்து நிலத்தைத் தாங்களே உழுதார்கள். 2014 முதல் ஜமீன் பிராப்தி சங்கர்ஷ் கமிட்டி என்ற அமைப்பு சங்ரூர் பக்கம் இறங்கி வேலை செய்தது. தலித் குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து கூட்டாக ஏலம் கேட்டன, பினாமியை மறித்தன, அடி வாங்கின, ஜெயிலுக்குப் போயின. பல கிராமங்களில் நிலம் கைக்கு வந்தது. அங்கே பெண்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? மாட்டுக்குப் புல் அறுக்க ஜாட் வயலுக்குப் போய் அவமானப்பட வேண்டியதில்லை என்கிறார்கள். ஒரு கட்டுப் புல்லில் இருக்கிறது சுயமரியாதை.

நமக்குக் கையில் இருக்கும் சட்டத்தையும் மறந்துவிடாதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015 திருத்தம் 2016 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. பொது வளங்களை, நீர்நிலையை, சுடுகாட்டை மற்றவர்களுக்குச் சமமாகப் பட்டியல் சாதியினர் பயன்படுத்துவதைத் தடுப்பது அதன்படி குற்றம். மேய்ச்சல் நிலத்தில் மாட்டை விரட்டுவதும் இதில் வரும் என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆகவே இனி எந்த அனல்மின் நிலையத்தை, எந்தத் துறைமுகத்தை, எந்த சிப்காட்டை எதிர்க்க நம்மைக் கூப்பிட்டாலும் போவோம். முன்வரிசையில் நிற்போம். ஆனால் மேடை ஏறும் முன் மூன்று கோரிக்கைகளைத் தீர்மானத்தில் எழுதச் சொல்லுவோம்.

ஒன்று. திட்டம் ரத்தானால் நில ஒதுக்கீடும் அதே ஆணையில் ரத்தாக வேண்டும். நிலத்தை 'எதிர்காலத் தொழில் தேவைக்கு' என்று முடக்கிவைக்கக் கூடாது.

இரண்டு. மேய்க்கால், நீர்நிலை போன்றவை அப்படியே பொதுவாக இருக்கட்டும். ஆனால் அதில் சேரிக்கும் இருளர் குடியிருப்புக்கும் உள்ள உரிமை கிராமக் கணக்கில் எழுத்தில் ஏற வேண்டும். மேயும் உரிமை, மீன் உரிமை, பாதை, சுடுகாடு எல்லாம்.

மூன்று. சாகுபடிக்கு உகந்த தரிசு என்றால் அது நிலமற்ற தலித், பழங்குடிக் குடும்பங்களுக்கு. பட்டா பெண்கள் பெயரில். பஞ்சமி என்று தெரியவந்தால் அது பேச்சுக்கே இடமில்லாமல் மீட்கப்பட வேண்டும்.

"இப்போது இதைப் பேசினால் ஒற்றுமை உடைந்துவிடும்" என்று ஒரு பெரியவர் கட்டாயம் எழுந்து சொல்வார். அவரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: ஐயா, எந்த ஒற்றுமை? போராட்டப் பந்தலில் ஒரே பாயில் உட்கார்ந்து, போராட்டம் முடிந்ததும் தனித் தனி டம்ளரா? கம்பெனிக்கு எதிராக நம் உடம்பு தேவைப்படும்போது மட்டும் வரும் ஒற்றுமையை நாம் எவ்வளவோ பார்த்துவிட்டோம்.

மாணவர்களுக்குக் கடைசியாக ஒரு வேலை. இந்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது விஏஓ அலுவலகத்தில் அ-பதிவேட்டைப் பாருங்கள். காட்டவில்லையென்றால் ஆர்டிஐ போடுங்கள், பத்து ரூபாய்தான். எது மேய்க்கால், எது தரிசு, எது பஞ்சமி, இப்போது யார் அனுபவத்தில் இருக்கிறது என்று சர்வே எண்ணோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். பாட்டிகளிடம் கேளுங்கள், எந்த நிலத்தில் எப்போது யார் நம்மை விரட்டினார்கள் என்று அவர்களுக்குத் தேதியோடு ஞாபகம் இருக்கும். கம்பெனி வரும்போது முதலில் அதன் கையில் இருப்பது இந்தக் கணக்குதான். நம் கையிலும் இருக்கட்டும்.

அந்தத் தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதில் இதுதான்: ரத்து ஆணையால் உன் காலனிக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. நீ கேட்டது சரி. நாம் அதைக் கேட்கவே இல்லை என்பதால்தான் கிடைக்கவில்லை. அடுத்த முறை நோட்டோடு வா. அந்தக் கூட்டத்தில் முதலில் நீ பேசு.

ஜெய்பீம்.